கம்பி சுற்றாத மோட்டார்



"மின்தேக்கியின் இரு தகடுகளுக்கு இடையே உள்ள கவர்ச்சி விசைக்கான சூத்திரத்தை எழுதுக." நமக்கெல்லாம் பழக்கமான இரண்டு மார்க் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, ஹாலை விட்டு வெளியே வரும்போதே மறந்துவிடுவோம். மறப்பதில் நியாயமும் இருக்கிறது. மோட்டார் என்றால் காந்தம், ரிலே என்றால் காந்தம், கான்டாக்டர், காலிங் பெல், ஸ்பீக்கர் எல்லாமே காந்தம். நிலைமின்சாரம் என்றால் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டைத் தூக்குவது, அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு அந்த விளையாட்டு முடிந்துபோயிற்று. அதை வைத்து ஓர் இயந்திரத்தை ஓட்டலாம் என்று நாம் யோசித்ததே இல்லை.

ஆனால் அந்த இரண்டு மார்க் சூத்திரம் இன்றைக்கு நம் சட்டைப்பை செல்போனுக்குள் வேலை பார்க்கிறது. கார்களில் ஏர்பேக்கைக் காவல் காக்கிறது. நம்ம ஊர் தியேட்டரில் ரீல் பெட்டி போய் டிஜிட்டல் புரொஜெக்டர் வந்திருக்கிறதே, அது டி.எல்.பி. வகையாக இருந்தால், திரையில் விழும் ஒவ்வொரு புள்ளி வெளிச்சத்தையும் அந்தச் சூத்திரம்தான் திருப்பிவிடுகிறது. இந்தச் சின்னஞ்சிறு சாதனங்களுக்கு மைக்ரோ எலெக்ட்ரோ மெக்கானிக்கல் சிஸ்டம்ஸ் என்று பெயர். சுருக்கமாக மெம்ஸ். ஐ.சி. செய்கிற அதே சிலிக்கான் தகட்டில், அதே முறையில், அசையும் உறுப்புகளையும் செய்வதுதான் மெம்ஸ். அந்த உறுப்பை அசைக்கிற பாகத்துக்கு ஆக்சுவேட்டர் என்று பெயர். நான் இங்கே எழுதப்போவது நிலைமின் விசையால் அசையும் ஆக்சுவேட்டரைப் பற்றி மட்டும்.

இதை நான் செமினாருக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எங்கள் அப்பா. அப்பா மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் வைண்டர். கருகிப்போன பம்பு மோட்டாரைப் பிரித்து, ஸ்லாட்டில் இருக்கும் பழைய கம்பியை உருவி, கேஜ் பார்த்துப் புதுக் காயில் போட்டு, வார்னிஷ் அடித்துக் கொடுப்பார். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவர். ஆனால் எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குக் காயில் போக வேண்டும் என்பதை நோட்டைப் பார்க்காமல் சொல்வார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். கம்பியே சுற்றாத மோட்டார் ஒன்று இருக்கிறது என்று சொன்னதும் அவர் இரண்டு கேள்வி கேட்டார். "கம்பியே சுத்தாம மோட்டாரு எப்படிக் கண்ணு சுத்தும்? அப்புறம் கரண்டு எது வழியாப் போகும்?" எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேடித்தான் படித்தேன்.

கண்டன்சருக்குள் ஒரு இழுப்பு

பட்டறைக்கு வரும் மோட்டாரில் கண்டன்சர் இருந்தால், அப்பா முதலில் ஸ்க்ரூ டிரைவரை அதன் இரண்டு முனையிலும் சேர்த்து வைத்து ஒரு பொறி பறக்கவிடுவார். பிறகுதான் கை வைப்பார். லைனைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சார்ஜ் நிற்கும் என்பது அவருக்கு அடி வாங்கித் தெரிந்த பாடம். ஒரு தகட்டில் பாசிட்டிவ், எதிர்த் தகட்டில் நெகட்டிவ். எதிரெதிர் சார்ஜ் ஒன்றையொன்று இழுக்கும் அல்லவா? அப்படியானால் கண்டன்சருக்குள் இரண்டு தகடுகளும் எந்நேரமும் ஒன்றை நோக்கி ஒன்று இழுபட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. நடுவில் பிளாஸ்டிக் படலம் அடைத்துக்கொண்டிருப்பதால் நகர முடியவில்லை.

இப்போது அந்தப் படலத்தை எடுத்துவிட்டுக் காற்றை மட்டும் விடுங்கள். ஒரு தகட்டைக் கீழே ஒட்டிவிடுங்கள், இன்னொன்றை ஸ்பிரிங்கில் தொங்கவிடுங்கள். வோல்டேஜ் கொடுத்தால் தொங்கும் தகடு கீழே இறங்கும். எடுத்துவிட்டால் ஸ்பிரிங் மேலே தூக்கிக்கொள்ளும். நிலைமின் ஆக்சுவேட்டர் என்பது இதுதான். நகர அனுமதிக்கப்பட்ட கண்டன்சர் என்று வைத்துக்கொள்ளலாம்.

சூத்திரம் இது:

விசை = எப்சிலான் × பரப்பு × வோல்டேஜ்² ÷ (2 × இடைவெளி²)

எப்சிலான் என்பது வெற்றிடத்தின் மின்னுழைமை, 8.854 × 10⁻¹². காற்றுக்கும் ஏறக்குறைய அதுவே. வோல்டேஜ் இருமடி என்பதைக் கவனியுங்கள். பாசிட்டிவ் நெகட்டிவை மாற்றிக் கொடுத்தாலும் தகடு இழுக்கத்தான் செய்யும், தள்ளாது. திரும்பி வர ஸ்பிரிங் கட்டாயம் வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. கொடுத்தால் ஒரு சைக்கிளுக்கு இரண்டு இழுப்பு, ஆக 100 ஹெர்ட்ஸில் துடிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் "ம்ம்ம்" என்று முனகுவதும் இதே 100 ஹெர்ட்ஸில்தான், அங்கே காந்தப்புலம் இருமடியாக வருகிறது.

ஒரே விசை, இரண்டு உலகம்

இனி ஒரு கணக்குப் போடுவோம். இந்தக் கட்டுரையில் முக்கியமான இடம் இதுதான், அதனால் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

முதலில் பெரிய தகடு. 10 சென்டிமீட்டர் நீளம், அதே அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன், சிலிக்கான். இடைவெளி 2 மில்லிமீட்டர். வோல்டேஜ் 10. விசை எவ்வளவு வருகிறது? 1.1 மைக்ரோ நியூட்டன். தகட்டின் எடையோ 47 கிராம், அதாவது 0.46 நியூட்டன். தகட்டைத் தூக்கத் தேவையானதில் நாலு லட்சத்தில் ஒரு பங்கு கூடத் தேறவில்லை. எட்டாம் வகுப்பிலேயே இதை நாம் விட்டுவிட்டதில் தப்பில்லை.

இப்போது எல்லா அளவையும் ஆயிரத்தில் ஒன்றாகக் குறையுங்கள். தகடு 100 மைக்ரான் சதுரம், ஏறக்குறைய தலைமயிரின் பருமன். தடிமன் 2 மைக்ரான், இடைவெளி 2 மைக்ரான். (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்.) வோல்டேஜ் அதே 10. விசை?

அதே 1.1 மைக்ரோ நியூட்டன்!

நான் முதலில் போட்டபோது கால்குலேட்டரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மேலே பரப்பு பத்து லட்சம் மடங்கு குறைகிறது, கீழே இடைவெளியின் இருமடியும் பத்து லட்சம் மடங்கு குறைகிறது. இரண்டும் அடிபட்டுப் போகின்றன. விசை கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் எடை என்ன ஆயிற்று? நீளம், அகலம், தடிமன் மூன்றும் ஆயிரம் மடங்கு குறைந்ததால் எடை நூறு கோடி மடங்கு குறைந்துவிட்டது. அதே விசை இப்போது தகட்டின் எடையைப் போல் 2,400 மடங்கு. நிலைமின் விசை எங்கேயும் புதுசாகப் பலம் பெறவில்லை. தூக்க வேண்டிய சுமைதான் காணாமல் போயிற்று.

காந்தத்துக்கு இந்த அதிர்ஷ்டம் கிடையாது. ஒரு மோட்டாரை ஆயிரம் மடங்கு சுருக்கினால் கம்பியின் குறுக்குப் பரப்பு பத்து லட்சம் மடங்கு குறையும். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை ஆம்பியர் என்ற அதே அளவில் கரண்டு விட்டால், கரண்டும் பத்து லட்சம் மடங்கு குறையும். கணக்குப் போட்டால் காயில்களுக்கு இடையிலான விசை லட்சம் கோடி மடங்கு குறைந்துவிடுகிறது. எடை நூறு கோடி மடங்குதான் குறைகிறது. சின்னக் கம்பி சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும் என்பதால் கொஞ்சம் கூடுதல் கரண்டு விடலாம். விட்டாலும் நிலைமின்னோடு போட்டி போட முடியாது. போதாக்குறைக்கு, சிலிக்கான் தகட்டின் மேல் படிவு படிவாகப் பரப்பித்தான் எதையும் செய்ய முடியும். அங்கே போய்க் காயில் சுற்றுவது எப்படி?

அப்பாவின் இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே பதில் கிடைக்கிறது. கரண்டு எது வழியாகவும் போகவில்லை. நம் சின்னத் தகட்டில் 10 வோல்ட்டுக்கு ஏறுகிற சார்ஜ் சுமார் 28 லட்சம் எலெக்ட்ரான்கள். ஒரு ஆம்பியர் என்றால் விநாடிக்கு 62 ஆயிரம் கோடி கோடி எலெக்ட்ரான்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் 28 லட்சம் ஒன்றுமே இல்லை. ஒருமுறை ஏறி நின்றுவிட்டால், தகட்டைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்க மேற்கொண்டு கரண்டு வேண்டாம். ரிலே காயில் மாதிரி பிடித்திருக்கும் நேரமெல்லாம் சூடாவது இங்கே இல்லை. பேட்டரியில் ஓடும் செல்போனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்.

பொறி ஏன் பறக்கவில்லை?

நம் கணக்கை உன்னிப்பாகப் பார்த்தவர்கள் ஒரு சந்தேகம் கேட்கலாம். காற்று மில்லிமீட்டருக்கு 3,000 வோல்ட் வரைதான் தாங்கும், அதற்கு மேல் பொறி பறக்கும் என்று ஹை வோல்டேஜ் பாடத்தில் படிக்கிறோம். 2 மைக்ரானில் 10 வோல்ட் என்றால் மில்லிமீட்டருக்கு 5,000 வோல்ட் ஆகிறதே?

நியாயமான சந்தேகம். காற்றில் பொறி பறக்க வேண்டுமானால் ஒரு எலெக்ட்ரான் ஓடிப்போய் ஒரு மூலக்கூறை மோதி இன்னொரு எலெக்ட்ரானைக் கழற்ற வேண்டும், அந்த இரண்டும் ஓடி நாலாக வேண்டும், நாலு எட்டாக வேண்டும். மாட்டுப் பொங்கலில் ஒரு மாடு மிரண்டு மந்தையே மிரளுகிற மாதிரி. 2 மைக்ரான் சந்தில் அப்படி ஓடி மோத இடமே இல்லை. ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் பாஷன் 1889-இல் இதை அளந்து வெளியிட்டார். அவருடைய வளைகோட்டின்படி சாதாரணக் காற்றில் சுமார் 330 வோல்ட்டுக்குக் கீழே எவ்வளவு நெருக்கமாக வைத்தாலும் இந்த முறையில் பொறி உண்டாகாது. நடைமுறையில் இடைவெளி மிக மிகக் குறுகும்போது உலோகப் பரப்பிலிருந்தே எலெக்ட்ரான் நேராகப் பிடுங்கப்படும், ஆகவே இதை அப்படியே நம்பி டிசைன் செய்யக் கூடாது. இருந்தாலும் பெரிய உலகத்தில் கனவில்கூட முடியாத மின்புலத்தைச் சின்ன உலகத்தில் தைரியமாக வைக்கலாம்.

இதையே அப்பாவின் மூன்றாவது கேள்விக்குப் பதிலாக வைத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப எங்க பொழப்பு?" என்றார். சிரித்துக்கொண்டே கேட்டார், ஆனால் விளையாட்டாகக் கேட்கவில்லை. இரண்டு எண்களைக் காட்டினேன். ஒரு டெஸ்லா காந்தப்புலம் ஒரு கன மீட்டர் இடத்தில் வைத்திருக்கும் ஆற்றல் சுமார் 4 லட்சம் ஜூல். சாதாரணக் காற்று தாங்கக்கூடிய அதிகபட்ச மின்புலம் அதே இடத்தில் வைத்திருப்பது வெறும் 40 ஜூல். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்! 5 ஹெச்.பி. பம்பு மோட்டாரை நிலைமின்னில் செய்யப் போனால் கிணற்றடியில் இடம் காணாது. 1 மைக்ரான் இடைவெளியில் 100 வோல்ட் வைத்தால் மட்டும் அந்த 40 ஜூல் 44,000 ஆக ஏறி, பத்தாயிரம் மடங்கு வித்தியாசம் ஒன்பது மடங்காகச் சுருங்குகிறது. ஆக, தண்ணீர் இறைக்கிற வரைக்கும் செம்புக் கம்பிக்கு மரியாதை குறையாது. யாரும் ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை இல்லை இது, கணக்கு சொல்கிறது.

கொஞ்சம் சரித்திரம்

காந்த மோட்டாருக்கு நிலைமின் மோட்டார்தான் அண்ணன் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1740-களின் கடைசியிலேயே லெய்டன் ஜாடியில் சேர்த்த சார்ஜைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழல வைத்தார். காந்த மோட்டாருக்கு வழிகாட்டிய ஃபாரடேயின் சோதனை நடந்தது 1821-இல். ஆனால் தம்பி வந்ததும் அண்ணன் மூலையில் உட்கார்ந்துவிட்டார். காரணத்தை மேலே பார்த்தோம்.

1959 டிசம்பரில் ரிச்சர்ட் ஃபெயின்மன், கலிஃபோர்னியாவில் கால்டெக்கில் பேசும்போது, ஒரு அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு அளவுள்ள கனசதுரத்துக்குள் அடங்கும் மோட்டாரைச் செய்பவருக்கு ஆயிரம் டாலர் பரிசு என்று அறிவித்தார். புதிய தொழில்நுட்பம் ஏதாவது பிறக்கும் என்பது அவர் ஆசை. மறு வருடமே வில்லியம் மெக்லெல்லன் என்ற பொறியாளர், மைக்ரோஸ்கோப்பை வைத்துக்கொண்டு கையாலேயே காயிலோடு ஒரு மோட்டாரைச் செய்து கொண்டுவந்துவிட்டார். எடை 250 மைக்ரோகிராம். புதுத் தொழில்நுட்பம் எதுவும் பிறக்கவில்லையே என்று ஃபெயின்மனுக்கு வருத்தம்தான், ஆனாலும் பரிசைக் கொடுத்தார். எனக்கு என்னவோ மெக்லெல்லனைத்தான் பிடித்திருக்கிறது. அவரும் ஒரு வைண்டர்!

ஃபெயின்மன் எதிர்பார்த்த வழி ஐ.சி. தொழிலிலிருந்து வந்தது. எப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு வீடு கட்டும் இடத்தைப் பார்த்தால் போதும். கான்கிரீட் தளம் போட முதலில் சென்ட்ரிங் அடிக்கிறோம். மேலே கான்கிரீட் ஊற்றி, இறுகியதும் சென்ட்ரிங்கைப் பிரித்துவிட்டால் தளம் தானே நிற்கிறது. இங்கே சென்ட்ரிங் என்பது 2 மைக்ரான் தடிமனில் சிலிக்கான் ஆக்சைடு. அதன் மேல் பாலிசிலிக்கானைப் படிய வைத்து, போட்டோ முறையில் வேண்டிய வடிவத்தை வெட்டி, கடைசியில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஆக்சைடை மட்டும் கரைத்துவிடுவார்கள். பாலிசிலிக்கான் அந்தரத்தில் நிற்கும். 1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஃபான், டாய், முல்லர் மூவரும் இந்த முறையில் மயிரிழைப் பருமனுக்கு ஒரு மோட்டாரையே சுழல வைத்தார்கள். சுற்றிலும் ஸ்டேட்டர் தகடுகள், நடுவில் பல்சக்கரம் போன்ற ரோட்டர். ஃபேஸ் ஃபேஸாக வோல்டேஜை மாற்றிக் கொடுத்தால், ரோட்டரின் பல் அடுத்த ஸ்டேட்டரை நோக்கி இழுபட்டு இழுபட்டுச் சுற்றும். நம் ஸ்டெப்பர் மோட்டார் மாதிரியேதான், காயில் மட்டும் இல்லை.

உலகமே வியந்தது. ஆனால் அந்த மோட்டாரால் பெரிய வியாபாரம் எதுவும் நடக்கவில்லை. காரணம் உராய்வு. அத்தனை சிறிய உலகத்தில் எடை ஒரு பொருட்டே இல்லை, ஆனால் பரப்புகள் உரசுவதும் ஒட்டுவதும் பெரிய விஷயம். உரசாமல் வளைந்து மட்டும் கொடுக்கிற அமைப்புகள்தான் பிழைத்தன.

டக்கென்று ஒட்டிக்கொள்ளும் இடம்

மறுபடி நம் 100 மைக்ரான் தகட்டுக்கு வருவோம். அதை மீட்டருக்கு 5 நியூட்டன் பலமுள்ள ஸ்பிரிங்கில் தொங்கவிடுவோம். வோல்டேஜை மெல்ல ஏற்றினால், 10 வோல்ட்டில் 0.31 மைக்ரான் இறங்கும். 11 வோல்ட்டில் 0.44. 11.5-இல் 0.58. சரி, 11.6 கொடுத்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும் என்று நினைப்போம். இறங்காது. டக்கென்று போய் அடித்தகட்டில் ஒட்டிக்கொள்ளும்!

பீரோ கதவில் காந்தம் இருக்குமே, அதை மெதுவாக மூடிப் பாருங்கள். ஒரு தூரம் வரை கதவு நம் கையில் இருக்கும். அதைத் தாண்டினால் காந்தம் பிடுங்கிக்கொள்ளும். தகடு நெருங்க நெருங்க இடைவெளி குறைந்து நிலைமின் விசை இருமடியில் ஏறுகிறது, ஸ்பிரிங்கோ நேர் விகிதத்தில்தான் ஏறுகிறது. எங்கே தோற்கும் என்பதைப் பார்ப்போம். சமநிலையில் ஸ்பிரிங் விசை = நிலைமின் விசை. தோற்கும் தருணத்தில் ஒரு நூல் நகர்ந்தால் இரண்டு விசையும் ஒரே அளவு கூடும். இந்த இரண்டு நிபந்தனையையும் ஒன்றால் ஒன்றை வகுத்தால், நகர்ந்த தூரம் = மீதி இடைவெளியில் பாதி என்று வருகிறது. அதாவது மொத்த இடைவெளியில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. தகடு பெரிதோ சிறிதோ, ஸ்பிரிங் எதுவானாலும், இந்த மூன்றில் ஒன்று மாறாது. இதற்குப் புல்-இன் என்று பெயர். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஹார்வி நாதன்சன் குழு, கேட்டுக்கு மேல் ஒரு தங்கச் சட்டம் அதிரும் டிரான்சிஸ்டரைச் செய்தபோதே, 1967-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டது.

இந்தத் தொல்லையைத் தாண்ட ஒரு வழி சீப்பு. இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று பாதி நுழைத்து வைத்த மாதிரி அமைப்பு, பெர்க்லியில் வில்லியம் டாங், ரோஜர் ஹோ இருவரும் 1989-இல் வெளியிட்டது. ஒரு சீப்பு நிலையாக, இன்னொன்று ஸ்பிரிங்கில். வோல்டேஜ் கொடுத்தால் பற்கள் இன்னும் உள்ளே போகப் பார்க்கும். பக்கத்து இடைவெளி மாறாததால், எவ்வளவு உள்ளே போனாலும் விசை மாறாது. விசை = பற்களின் எண்ணிக்கை × எப்சிலான் × தடிமன் × வோல்டேஜ்² ÷ இடைவெளி. 50 பற்கள், தடிமனும் இடைவெளியும் 2 மைக்ரான், 20 வோல்ட் என்றால் 0.18 மைக்ரோ நியூட்டன். குறைவுதான், ஆனால் மெல்லிய ஸ்பிரிங்கில் இரண்டு மைக்ரான் வரை ஒழுங்காக நகர்த்தும். 1990-களில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் சிலிக்கானில் ஆழமாக நேர்க்குத்தாகக் குடையும் முறையைக் கொண்டுவந்த பிறகு, 50 மைக்ரான் உயரப் பற்களும் சாத்தியமாயின, விசையும் 25 மடங்கு ஏறியது. செல்போனைத் திருப்பினால் அது எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று சொல்லும் ஜைரோஸ்கோப்பில் ஒரு சிறு நிறை விடாமல் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அதை ஆட்டுவது பெரும்பாலும் இந்தச் சீப்புதான்.

சினிமா தியேட்டரில்

புல்-இன்னைக் கண்டு எல்லோரும் ஒதுங்கிப் போனபோது, ஒருவர் அதையே வேலைக்கு வைத்தார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் லாரி ஹார்ன்பெக் 1977 முதல் நிலைமின் விசையால் சாயும் குட்டிக் கண்ணாடிகளைச் செய்துகொண்டிருந்தார். வோல்டேஜுக்குத் தக்கபடி கண்ணாடி கொஞ்சமாகவோ அதிகமாகவோ சாய வேண்டும் என்பது திட்டம். பத்து வருடம் முயன்றும் எல்லாக் கண்ணாடியும் ஒரே மாதிரி சாயவில்லை. 1987-இல் அந்தத் திட்டத்தையே மாற்றினார். பாதி சாய வேண்டாம், இந்தப் பக்கம் முழுசாக விழு, அல்லது அந்தப் பக்கம் முழுசாக விழு! ஒவ்வொரு கண்ணாடிக்கும் அடியில் ஒரு மெமரி செல். அதில் 1 இருந்தால் ஒரு பக்கத்துத் தகடு இழுக்கும், 0 இருந்தால் மறுபக்கத்துத் தகடு. முதலில் 10 டிகிரி, பிறகு 12 டிகிரி சாய்வு. ஒரு பக்கம் சாய்ந்தால் விளக்கின் வெளிச்சம் லென்ஸ் வழியாகத் திரைக்குப் போகும், மறுபக்கம் சாய்ந்தால் உள்ளேயே ஒரு கறுப்புப் பரப்பில் விழுந்து அடங்கிவிடும். அப்படியானால் சாம்பல் நிறம் எப்படி வருகிறது? விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை புரண்டு, வெள்ளைப் பக்கம் எத்தனை நேரம், கறுப்புப் பக்கம் எத்தனை நேரம் என்று பிரித்துக்கொள்கிறது. மீதியை நம் கண் கலந்துகொள்கிறது.

2,048-க்கு 1,080 அளவுள்ள சிப் ஒன்றில் 22,11,840 கண்ணாடிகள். பெரிய தியேட்டர் புரொஜெக்டரில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனியாக மூன்று சிப். ஆக 66 லட்சத்துக்கு மேல் நகரும் கண்டன்சர்கள்! படம் ஓடும் நேரமெல்லாம் புரண்டுகொண்டே இருக்கின்றன, ஒரு இழை கம்பி சுற்றவில்லை. அத்தனை தடவை முறுக்கினால் கீல் ஒடிந்துவிடாதா என்பதுதான் எல்லோருக்கும் இருந்த பயம். இரும்புக் கம்பியை நாலு தடவை மடக்கினால் ஒடிகிறதே. ஆனால் அவ்வளவு மெல்லிய உலோகப் படலம் பெரிய கம்பியைப் போல் களைத்து ஒடிவதில்லை என்று தெரிய வந்தது. சோதனையில் லட்சம் கோடி தடவைக்கு மேல் புரண்டிருக்கிறது. 2015-இல் ஹார்ன்பெக்குக்கு ஆஸ்கர் சிலையே கொடுத்தார்கள். ஒரு கண்டன்சர் சூத்திரத்துக்கு ஆஸ்கர்!

ஒட்டினால் வராது

எல்லாம் இனிமையாகவே போய்விடுவதில்லை. அமிலத்தில் ஆக்சைடைக் கரைத்த பிறகு தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும். மழையில் நனைந்த நோட்டின் பக்கங்கள் காய்ந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே, அதே கதிதான் இங்கேயும். தண்ணீர் வற்றும்போது அதன் பரப்பு இழுவிசை மெல்லிய தகட்டைக் கீழே இழுத்து ஒட்டிவிடும். ஒட்டினால் ஸ்பிரிங்கால் பிரிக்க முடியாது, அந்த சிப் குப்பைக்குத்தான். இதற்கு ஸ்டிக்‌ஷன் என்று பெயர். திரவமாகவும் இல்லாமல் வாயுவாகவும் இல்லாமல் இருக்கும் அழுத்தமான கார்பன் டை ஆக்சைடில் வைத்து உலர்த்துவது, அடியில் சின்னச் சின்ன மொட்டுகள் வைத்து முழுப் பரப்பும் தொடாமல் செய்வது, ஒட்டாத பூச்சு கொடுப்பது என்று பல வைத்தியம் உண்டு. ஹார்ன்பெக்கின் கண்ணாடிகளுக்குக் காலடியில் ஸ்பிரிங் நுனிகளே வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு தொல்லை, தகடுகள் நேராகத் தொட்டு ஷார்ட் ஆகாமல் இருக்க நடுவில் போடும் காப்புப் படலம். அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் சிக்கிக்கொள்ளும். அப்புறம் வோல்டேஜை எடுத்தாலும் தகடு மேலே வராது. ரேடியோ அலைவரிசைக்கான மெம்ஸ் சுவிட்சுகளைப் பல வருடம் படாதபாடு படுத்தியது இதுதான்.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. 1990-களின் தொடக்கத்தில் அனலாக் டிவைசஸ் நிறுவனம் ஏர்பேக்குக்காகச் சிலிக்கானில் ஒரு முடுக்கமானி கொண்டுவந்தது. கார் மோதும்போது உள்ளே ஸ்பிரிங்கில் தொங்கும் சிறு நிறை நகரும், பக்கத்துத் தகடுகளோடு அதன் கெப்பாசிட்டன்ஸ் மாறும், அதைக் கொண்டு ஏர்பேக்கை விரிக்க வேண்டுமா என்று முடிவாகும். சரி, வருடக்கணக்கில் சும்மா கிடக்கிற அந்த நிறை இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் காரை மோதிப் பார்க்க முடியாதே! அதற்காகவே உள்ளே சில தகடுகள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு வோல்டேஜ் கொடுத்தால், மோதல் நடந்தது போலவே நிலைமின் விசை நிறையை இழுக்கும். சரியாக நகர்ந்ததா என்று சிப் பார்த்துக்கொள்ளும். நகரவில்லை என்றால் எச்சரிக்கை விளக்கு எரியும்.

நம்ம லேபில் மெம்ஸ் சிப் கிடையாது, நம் நாட்டிலேயே மொகாலி, பிலானி, பெங்களூரு போன்ற சில இடங்களில்தான் இதற்கான சுத்த அறைகள் இருக்கின்றன. ஆனால் மேலே சொன்ன கணக்கு எல்லாவற்றுக்கும் சாதாரண கால்குலேட்டர் போதும். புல்-இன் வோல்டேஜ் 11.57 எப்படி வந்தது என்று போட்டுப் பாருங்கள். பதில் வராதவர்கள் மத்தியான இடைவேளையில் மூன்றாம் ஆண்டு எலெக்ட்ரிகல் வகுப்புக்கு வந்தால், நான் போட்ட தாளைக் காட்டுகிறேன்.